காற்றிலும் உண்டு அயலார் ஹக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வருகிறவர்கள் பல்லாவரத்தைத் தாண்டியதும் அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்களைக் காண்பார்கள். ஒன்று குரோம்பேட்டை; மற்றொன்று தாம்பரம் சானடோரியம். அன்றாடம் இவ்வழியே போய் வரும் நாம் இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்ததுண்டா?

1912-ம் ஆண்டில் சேம்பர்ஸ் துரை இப்பகுதியில் ஒரு தோல் தொழிற்சாலையை நிறுவினார். மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட அத்தொழிற்சாலையால் ஊருக்கே குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1928-ம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் காச நோயாளிகளுக்காக அதை அடுத்த இடத்தில் ஒரு சானடோரியத்தைத் திறந்தார். காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே சிகிச்சை. அந்த நல்ல காற்று அன்று தாம்பரத்தில் இருந்தது. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசினர் நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடந்து வருகிறது.

ஆக, ஒரு ஸ்டேஷன் ரசாயனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்த ஸ்டேஷன் நல்ல காற்றை நாடி வந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இடையில் ரயிலுக்குச் சில நிமிட ஓட்டமே. நம் இல்லங்களின் நிலையும் இதுதான். பெயிண்ட், தின்னர், கொசுவர்த்திச் சுருள், ஸ்பிரே, தரை துடைக்கும் திரவம் என்று ரசாயனம் வீட்டுக்குள் வந்து நமக்கு வசதி செய்து தருகிறது. அதே வீட்டில்தான் நாமும் நம் குழந்தைகளும் மூச்சு விடுகிறோம். இவற்றில் சிலவற்றுக்கு, 'இவ்வளவுக்கு மேல் கூடாது' என்று அரசாங்கம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் நின்றுவிட்டால் அல்லாஹ்விடத்தில் நம் கணக்குத் தீர்ந்துவிடுமா? இதுவே இங்கு நாம் ஆராய விரும்பும் கேள்வி.

பெயிண்ட் வியாபாரியின் சந்தேகம்

ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுளருகே உட்கார்ந்திருந்தோம். ஒரு சகோதரர் வந்து ஸலாம் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். அவர் பெயிண்ட் வியாபாரி. ஜமாஅத்தைத் தவற விடாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். "வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நானும் அந்த டப்பாக்களைத்தான் விற்கிறேன். ஆனால் தொழிற்சாலை இரும்பு வேலைக்கென்று வேறு பெயிண்ட் வருகிறது. அதற்கு அந்த வரம்பு இல்லை. பளபளப்பு அதிகம், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும். சில பேர் வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். தொழிற்சாலை உபயோகத்துக்கு என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை. வாங்குகிறவர் அதை எங்கே அடிக்கிறார் என்பது என் பொறுப்பா? இது ஹலாலான சம்பாத்தியம்தானே?"

'ஆம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். பொருள் ஹலால், விலை நிர்ணயம் ஆகிவிட்டது, இருவரும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் நம் நாவு எழவில்லை. "நாளை சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினோம். காரணம், அந்த வாரம்தான் நம் வீட்டில் ஒரு சம்பவம் நடந்திருந்தது.

வியாழன் இரவுச் சாம்பிராணி

வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் யாஸீன் ஓதி, தூபக்காலில் கரி நெருப்பிட்டுச் சாம்பிராணி போடுவது நம் அத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்து வரும் பழக்கம். மேற்குத் தாம்பரத்தில் நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே மூன்றடி சந்துதான். அடுத்த வீட்டில் இருப்பவர்கள் வயதான தம்பதியர். அம்மையார் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெருநாளைக்கு நாம் பிரியாணி அனுப்புவோம். பொங்கலுக்கு அவர்கள் கரும்பு அனுப்புவார்கள். நாம் நல்ல அயலார் என்றே நம்மைப் பற்றி நினைத்திருந்தோம்.

அந்த வியாழன் இரவு அவர்களுடைய பேரனுக்கு மூச்சு இழுப்பு வந்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் நம் வீட்டார் நலம் விசாரிக்கப் போனபோது அந்த அம்மையார் வெகுவாகத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பாயம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புகை குழந்தைக்கு ஒத்துக்கலை. எங்க வீட்டுக்காரருக்கும் ரொம்ப நாளா அப்படித்தான். வியாழக்கிழமை சாயந்திரம் ஆனா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திடுவோம். நேத்து கரண்ட் போயிடுச்சு. புழுக்கம் தாங்கலை, திறந்துட்டோம்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று நம் வீட்டார் கேட்டார்கள்.

"அது உங்க சாமி விஷயம். அதை நாங்க எப்படிச் சொல்றது?"

அருமை வாசகர்களே! பதினொரு ஆண்டுகள். ஒவ்வொரு வியாழன் மாலையும் ஒரு முதியவர் நம் பொருட்டுத் தம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நாம் செய்தது மார்க்கக் காரியம் என்று அவர்கள் மதித்ததாலேயே வாய் திறக்கவில்லை. நம் தீனின் கண்ணியத்தை நாம் எதற்குத் திரையாக்கிவிட்டோம் என்று நினைக்கும்போது நெஞ்சு கூசுகிறது. வீட்டுக்குள் சாம்பிராணி போடுவதற்கு நாமறிய எந்தச் சட்டத்திலும் அளவு வைக்கப்படவில்லை. ஆகவே சட்டத்தின் முன் நாம் குற்றவாளி அல்லோம். ஆனால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு இழுத்தது உண்மை.

வரம்பு வருவதற்கு முன்பும்...

நம் நாட்டில் காற்று மாசைத் தடுக்கும் சட்டம் 1981-ல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாடு வாரியம் அமைந்தது. அதன் பின் ஒவ்வொன்றாக வரம்புகள் வந்தன. பெட்ரோலில் ஈயம் கலப்பது நெடுங்கால வழக்கம். 1995-ல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதற்கும் அதுவே விதியாயிற்று. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது.

பெயிண்டில் உள்ள ஈயம் காற்றுக்கு எப்படி வரும் என்று சிலர் கேட்கலாம். ரமளானுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்குப் புதிதாக வர்ணம் பூசுகிறோம். பூசுவதற்கு முன் பெயிண்டர் பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் அது தூளாகிக் காற்றில் பறக்கிறது, தரையில் படிகிறது. தவழும் குழந்தை அதில் கையை வைத்து வாயில் வைக்கிறது. ஈயம் வளரும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேய்க்கும் தொழிலாளியோ மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார்.

இங்கேதான் நாம் நிதானித்து யோசிக்க வேண்டும். 1999-ல் பெட்ரோல் புகையில் வந்த ஈயம் நாட்டின் பெரும் பகுதியில் சட்டத்துக்கு உட்பட்டது. 2000-ல் சட்டத்துக்குப் புறம்பானது. அந்த ஓராண்டில் ஈயம் மாறிவிட்டதா? குழந்தையின் இரத்தம் மாறிவிட்டதா? மாறியது சட்டம் மட்டுமே. அப்படியே, காற்றில் கலந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2005-ல் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2021-ல் அதை 5 என்று குறைத்தது. நம் நாடு 2009-ல் வகுத்த அளவு 40. மூன்று எண்கள், மூச்சு விடும் நெஞ்சு ஒன்றே. அறிவு வளர வளர வரம்பு இறங்குகிறது. தீங்கோ, வரம்பு வருவதற்கு முன்பும் தீங்காகவே இருந்தது. ஆகவே வரம்பு என்பது, இன்று தெரிந்ததையும் நாட்டில் இயலக்கூடியதையும் சீர்தூக்கி மனிதர்கள் போட்ட கோடு. அதை மதிக்க வேண்டும். ஆனால் அதைப் பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் இடையே இட்ட கோடாக எடுத்துக்கொள்ளலாகாது.

வேறு பொருட்களையும் பார்ப்போம். கொசுவர்த்திச் சுருள், கொசு விரட்டும் திரவம் ஆகியவை 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். பதிவு எண் உறையில் இருக்க வேண்டும். அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? சீனா, மலேசியா நாடுகளின் சுருள்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. சிகரெட் பிடிப்பவரைக் கண்டால் முகம் சுளிக்கும் நாம், தொட்டிலின் கீழே அந்தச் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறோம். ஐக்கிய அரபு அமீரக வீடுகளில் போடும் நறும்புகையை ஆராய்ந்து அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட முடிவும் நம் கவனத்துக்குரியது. கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவும் நுண்துகளும் அப்புகையில் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் நுரையீரல் அணுக்களின் மேல் அது பட்டபோது அவை அழற்சி கண்டன.

ஸ்பிரே விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆல்கஹால் கலந்த ஸ்பிரே அடித்த ஆடையுடன் தொழலாமா என்று நம்மிடம் கேட்கிறவர்கள் ஏராளம். நல்ல கேள்விதான். ஆனால் அது எங்கே போகிறது என்று கேட்டவர் எவருமில்லை. தின்னர், வார்னிஷ், ஸ்பிரே இவற்றிலிருந்து ஆவியாகும் பொருள்கள் வாகனப் புகையோடு சேர்ந்து, வெயில் பட்டதும், தரையை ஒட்டி ஓசோன் என்னும் வாயுவாகின்றன. வானத்தின் உயரத்தில் நமக்குக் குடையாக இருக்கும் ஓசோன், மூக்கின் உயரத்தில் நெஞ்சை எரிக்கும். இதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1989-ல் தொடங்கி, உடலில் அடிக்கும் வாசனை ஸ்பிரே போன்ற வீட்டுப் பொருட்களுக்கும் அளவு விதித்தது. ஐரோப்பிய நாடுகள் பெயிண்டிலிருந்து ஆவியாகும் பொருளுக்கு 2004-ல் விதி செய்தன. ஜி.எஸ்.டி. சாலையின் வாகன நெரிசலும் நம் ஊர் வெயிலும் இருக்கும் இடத்தில் இதைப் பற்றி நாம் கவலைப்படாதிருக்க முடியாது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

ஒருவர் பூண்டோ வெங்காயமோ தின்பது ஹலால். ஆனால் பச்சையாக அவற்றைத் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வரக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்கள் எதனால் துன்பமடைகிறார்களோ அதனால் மலக்குகளும் துன்பமடைகிறார்கள் என்று காரணமும் அருளினார்கள். இது புகாரி, முஸ்லிம் போன்ற கிரந்தங்களில் வரும் செய்தி. இதன் ஆழத்தைக் கவனியுங்கள். தின்ற பொருள் ஹலால், தின்றவர் குற்றவாளி அல்லர், ஒருவரையும் கையால் தொடவில்லை, வாயால் ஏசவில்லை. காற்று வழியே பக்கத்தில் நிற்பவரை எட்டிய வாடை ஒன்றே, ஜமாஅத் தொழுகையின் பெரும் நன்மையை விட்டும் அவரைத் தள்ளி நிறுத்தப் போதுமானதாயிற்று. வெறும் வாடைக்கே இந்த விதியென்றால், நெஞ்சுக்குள் இறங்கி நோய் செய்யும் புகைக்கும் ஆவிக்கும் என்ன விதி?

தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்துள்ள நபிமொழியை வைத்து நம் ஃபுகஹாக்கள் ஒரு பெரும் சட்டப் பகுதியையே எழுப்பினார்கள். துருக்கி உஸ்மானிய அரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பில் இதற்கு உதாரணமே கூறப்பட்டிருக்கிறது. ஒருவர் வீட்டையொட்டி மற்றவர் சூளையோ எண்ணெய்ச் செக்கோ வைத்து, அதன் புகை மிகுதியால் வீட்டுக்காரர் குடியிருக்க முடியாமல் போனால், அது அகற்றப்பட வேண்டிய பெருந்தீங்கு. என் நிலம், என் சூளை என்ற வாதம் அங்கே எடுபடாது.

அதற்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், சிரியாவில் ஷைஸரி என்ற அறிஞர் சந்தை அதிகாரியான முஹ்தஸிபுக்கு ஒரு கையேடு எழுதினார்கள். ரொட்டி சுடுபவர்கள் கடைக் கூரையை உயர்த்திக் கட்டவும், புகை போக அகன்ற வழி விடவும் அவர்களைப் பணிக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருக்கிறது. ஆகவே புகைக்கு ஆட்சியாளர் வரம்பு வைப்பது நமக்குப் புதிதல்ல. இன்று வாரியமும் கோர்ட்டும் செய்யும் அந்த வேலையை அன்று முஹ்தஸிப் செய்தார். பொது நலனுக்காக இடப்படும் இத்தகைய கட்டளைக்குக் கீழ்ப்படிவது முஸ்லிமின் கடமையே. 'இது ஷரீஅத் அல்ல, சர்க்கார் சட்டம்தானே' என்று இதை அலட்சியம் செய்ய நமக்கு அனுமதியில்லை.

இனி, வரம்பின் விளிம்பில் நிற்பதைப் பற்றி. ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் சந்தேகமானவை உண்டு என்று கற்பித்த பெருமானார் (ஸல்) அவர்கள், அரசனுடைய காவல் நிலத்தின் ஓரத்தில் ஆடு மேய்ப்பவனை உவமையாகக் காட்டினார்கள். வேலி ஓரத்திலேயே மேய்ப்பவனின் ஆடு எப்போது உள்ளே நுழையுமோ தெரியாது. '90 பங்கு வரை அனுமதி' என்றதும் வேலி ஓரத்துக்கு ஓடுவதும், 'தொழிற்சாலை உபயோகம்' என்ற எழுத்தைத் தேடி வேலியில் சந்து பார்ப்பதும் தக்வா உள்ளவரின் நடை ஆகாது.

நாம் சொல்லும் சமாதானங்கள்

'நான் செய்வது கொஞ்சம்தானே' என்பது முதல் சமாதானம். கப்பலின் கீழ்த் தட்டில் இருந்தவர்கள், மேல் தட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு தராமல் தண்ணீர் எடுக்கலாமென்று தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்த கதையை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்ததும் தங்கள் இடத்தில், ஒரு சிறு ஓட்டைதான். காற்றைவிடப் பெரிய கப்பல் ஏது? அதில் மேல் தட்டும் இல்லை, கீழ்த் தட்டும் இல்லை.

'மற்றவர்கள் செய்கிறார்களே' என்பது இரண்டாவது. 2018 ஜனவரி போகியன்று சென்னையில் புகை மண்டி, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் திரும்பிப் போயின. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. இவை உண்மை. இவற்றைப் பற்றிப் பேச நமக்கு நாவு நீளுகிறது. ஆனால் மஹ்ஷரில் நம்மிடம் கேட்கப்படப் போவது நம் தூபக்காலைப் பற்றி. நம் வாசலில் எரித்த பிளாஸ்டிக் பையைப் பற்றி. நம் நிக்காஹ் ஊர்வலத்தில் வெடித்த சரவெடியைப் பற்றி. பட்டாசில் பேரியம் சேர்க்கக் கூடாது, இன்ன நேரத்தில்தான் வெடிக்கலாம் என்று 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் விதித்த தீர்ப்பில் நமக்கு மட்டும் விலக்கு எழுதப்படவில்லை.

'வியாபாரம் நஷ்டமாகுமே' என்பது மூன்றாவது. இதற்கு நம் சமுதாயத்தின் அனுபவமே பதில். தோல் தொழிலில் நம்மவர் ஏராளம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியிலும் வாணியம்பாடி, ஆம்பூரிலும் அத்தொழிலால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். தோல் பூசணம் பிடிக்காமலிருக்கப் போடும் பி.சி.பி. என்ற ரசாயனத்தை ஜெர்மனி 1989-ல் தடை செய்தது. சரக்குத் திரும்பி வரும் என்றதும் நாம் அதை விட்டொழித்து வேறு மருந்துக்கு மாறினோம். தொழில் அழிந்துவிடவில்லை. அதே காலத்தில் நம் ஊர் மக்களின் நிலமும் நீரும் கெடுவதைப் பற்றிய முறையீடு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தமிழகத்தின் ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் சாலைகள் மீது அபராதம் விதித்து, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகே பெரிய மாற்றம் வந்தது. கடல் கடந்த வாடிக்கையாளரின் கண்டிப்புக்கு உடனே பணிந்த நாம், கூப்பிடு தூரத்தில் இருந்த அயலாரின் கண்ணீருக்குக் கோர்ட் உத்தரவு வரை காத்திருந்தோம். இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. முடியாது என்று நாம் சொல்வதெல்லாம் முடியாததல்ல என்பதற்காகவே எழுதுகிறோம்.

'நறுமணம் சுன்னத் ஆயிற்றே' என்பது நான்காவது. சத்தியம். பெருமானார் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். ஜும்ஆவுக்கு மணம் பூசி வருவதில், பக்கத்தில் நிற்பவருக்கு இதமாக இருப்பதும் அடங்கியிருக்கிறது. கையில் தடவிய ஒரு சொட்டு அத்தர் அதைச் செய்கிறது. அடுத்த வீட்டு ஜன்னலைச் சாத்த வைக்கும் புகை அதற்கு நேர்மாறானதைச் செய்கிறது. சாம்பிராணியை ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை விலக்க நாம் யார்? யாருடைய மூச்சையும் தடுக்காத இடத்திலும் அளவிலும் அது ஆகும். பிறர் மூச்சைத் தடுக்கும்போது அது வெறும் பழக்கம். அதைச் சுன்னத்தென்று சொல்லி மறைக்கலாகாது.

வியாபாரிக்குச் சொன்னதும் நமக்குச் சொல்லிக்கொண்டதும்

மறுநாள் அந்தச் சகோதரரிடம் சொன்னோம்: "குறையுள்ள பொருளை, குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது என்பது நீங்கள் அறிந்ததே. அச்சடித்த எழுத்து எல்லாருக்கும் புரியாது. 'இதில் ஈயம் இருக்கலாம்; பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்கு இது வேண்டாம்' என்று வாயால் சொல்லுங்கள். அது வீட்டுக்குத்தான் போகிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் விற்காதீர்கள். அறிந்துகொண்டே தீங்குக்குத் துணை போன பணத்தில் பரக்கத் இராது."

சில நாட்கள் கழித்து அவரைக் கண்டோம். அப்படியே சொல்லி வருவதாகவும், இரண்டு மூன்று பேர் 'கேட்டதைக் கொடுக்காமல் உபதேசம் செய்கிறீரே' என்று கோபித்து வேறு கடைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். நஷ்டம்தான். "ஆனால் ஹஜ்ரத், கல்லாவைப் பூட்டும்போது மனசு லேசாக இருக்கிறது" என்றார். அந்த லேசுக்கு எந்த நாட்டுச் சட்டமும் அளவுகோல் செய்ததில்லை.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவற்றையும் குறித்துவிடுகிறோம். பெயிண்ட் வாங்கும்போது ஈய அளவு குறித்த எழுத்து டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பூச்சைத் தேய்ப்பதாயின் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறிடம் அனுப்புங்கள். தொழிலாளிக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவரும் உங்கள் பொறுப்பில் இருப்பவரே. உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். கொசுவர்த்திச் சுருளும் விடிய விடியப் புகையும் நெருப்பே. கொசுவலை பழைய பொருளானாலும் பிறர் நெஞ்சைத் தொடாத பொருள். குப்பையை எரிக்காதீர்கள், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை அரசாங்க விதிகளும் தடுக்கின்றன. பள்ளியின் முத்தவல்லிமார்களுக்கும் ஒரு வார்த்தை: ஒளுச் செய்யும் இடத்தில் அந்துருண்டையைக் கொட்டுவதும், முதியவர்கள் நிற்கும் முன் ஸஃப்பில் ஸ்பிரே அடிப்பதும் பூண்டு பற்றிய ஹதீஸோடு ஒத்துப்போகுமா என்று சிந்தியுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதும், பாயை வெயிலில் போடுவதும் செலவில்லாத சுத்தம்.

இதையெல்லாம் எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லோம். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறருக்குச் செய்த அநீதிக்கு ஈடாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்பவனே உண்மையில் ஓட்டாண்டி என்ற நபிமொழியை எத்தனையோ பயான்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஹக்குல் இபாத் என்றால் கடன், சொத்து, புறம் என்றே பட்டியல் போட்டோம். மூச்சை அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனோம். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நாம் சொல்ல வந்ததைச் சொன்னோம். அல்லாஹ் தன் உரிமையை மன்னிப்பான், அடியாரின் உரிமையை அந்த அடியார் மன்னித்தால்தான் ஆயிற்று. அதற்காக வந்திருக்கிறோம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாய், அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். நெஞ்சுக்குத்தான் பிடிக்கலை" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது கண் கலங்கியது.

இப்போது வியாழன் மாலை யாஸீன் ஓதுகிறோம். தூபக்கால் பரணில் இருக்கிறது. அடுத்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

யா அல்லாஹ்! சட்டத்தின் வரம்பை மீறாத நாவையும் கையையும் எங்களுக்குத் தருவாயாக! சட்டம் எட்டிப் பார்க்காத இடத்திலும் உன்னை அஞ்சும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் அயலார் எங்களால் நிம்மதியாக மூச்சு விடும்படி எங்களை ஆக்கி வைப்பாயாக! ஆமீன்.